அடக்கம் என்று நினைத்தேன்

ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் எங்கே போனாலும் தலையைக் குனிந்தே நடப்பாள். "அண்ணி, உங்க பொண்ணு என்னா அடக்கம்! தரையத் தவிர எதையும் பாக்க மாட்டேங்குதே" என்று நாத்தனார் மெச்சும்போது எனக்குப் பெருமை தாங்காது. எல்லாம் அண்ணாமலையார் கொடுத்த குணம் என்று சொல்லிக்கொள்வேன்.

பள்ளி விட்டு வந்தால் அவள் மடியில், சித்தப்பா வாங்கித் தந்த வீடியோ கேம்தான். குனிந்த தலை நிமிராது. சத்தம் போடாத பிள்ளை என்று அதையும் மெச்சிக்கொண்டேன்.

எங்கள் மாடியில் ஒரு வெளிநாட்டு அம்மா வாடகைக்கு இருந்தார். முதுகெலும்பு வைத்தியம் படித்தவர். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்து வந்து கொஞ்சம் தமிழும் கற்றிருந்தார். ஒருநாள் என் மகளை நிறுத்தி, "மேலே ஃபேன் பாரு" என்றார். அவளால் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அடக்கம் இல்லம்மா. கழுத்து வலி" என்றார் என்னிடம்.

"ஏன்டி சொல்லல?" என்றேன் மகளிடம்.

"சொன்னா கேமைப் பிடுங்கிடுவியேம்மா!"

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையின் வலியைக் காட்டியல்லவா பெருமைப்பட்டிருக்கிறேன்!

அந்த அம்மா வாரம் இருமுறை கழுத்தையும் தோளையும் இதமாக அழுத்திவிட்டுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். கேம் அரை மணி நேரம்தான், அதுவும் கண்ணுக்கு நேராகப் பிடித்து.

மூன்று மாதத்தில் கார்த்திகை தீபம் வந்தது. மொட்டை மாடியில் எல்லோரும் மலையுச்சியையே பார்த்து நின்றோம். "அம்மா, ஏத்திட்டாங்க!" என்று முதலில் கத்தியவள் என் மகள்தான். ஊரே அரோகரா என்றது. நான் மட்டும் மலையை விட்டுவிட்டு, நிமிர்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அண்ணாமலையார் கோபித்திருக்க மாட்டார்.