புளியமரத்தில் போய் நின்ற கார்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். சங்கராபுரத்து வீட்டு வேப்பமரத்தில் இன்ஜினைத் தூக்கி இறக்கும் செயின் பிளாக்கைக் கட்டி, அப்பாவின் பழைய காருக்குப் பெரிய டீசல் இன்ஜினை நானே பொருத்தினேன். பின் ஸ்பிரிங்குக்கு ரெண்டு பட்டை கூட்டினேன். பிரேக்கை மட்டும் தொடவில்லை. நல்லாத்தானே பிடிக்குது என்ற திமிர்.

தனியாக வெள்ளிமலைக்கு ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் பறந்தது. திரும்பி இறங்கும்போது, அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, பிரேக் பெடல் சொத்தென்று தரையைத் தொட்டது. எதிரே, நான் ஏறிப்போனபோது இல்லாத தடை: சாலையை மறித்து வெட்டிப்போட்ட புளியமரம். அதற்கு முன்னால் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. கூட்டம் சிதறி ஓடியது. கார் கிளைகளுக்குள் புகுந்து நின்றது.

கோடாலியோடு ஒருவர் ஓடிவந்தார். என்னைத்தான் வெட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ கதவை அடைத்திருந்த கிளையை வெட்டி, என்னை வெளியே இழுத்தார்.

"அடி கிடி பட்டுச்சாங்க?" என்றார். கார் நின்ற இடத்தைக் காட்டினார். "எம் பொண்டாட்டி இங்கதாங்க குந்திக்கினு இருந்தா."

வீட்டில் கேட்டபோது, "போராட்டக்காரங்க மரத்தைப் போட்டு வண்டியை ஒடச்சிட்டாங்க" என்றேன். எல்லோரும் அவர்களைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

பிரேக்கை மறுவாரமே மாற்றிவிட்டேன். சொன்னதை மாற்றத்தான் இத்தனை வருஷம் ஆகிவிட்டது.