அடுப்படியில் இருந்த வலது ஸ்பீக்கர்

வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியும் புதுச் செருப்பும் சேர்ந்தால் என்ன வாடை வருமோ, அந்த வாடைதான் அந்தக் கறுப்புப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சூடாக வரும். மாமா மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது என் அண்ணன் ஃபைசலிடம் விட்டுப்போன கேம் கன்சோல் அது. எங்கள் வீட்டில் அதன் பெயர் 'கேம் பொட்டி'. அந்தக் கோடை விடுமுறையில், மேற்குத் தாம்பரத்து வாடகை வீட்டில், அது கார் ஓட்டியதைவிடப் பாட்டுப் பாடியதுதான் அதிகம். வீட்டின் பழைய சிடி பிளேயர் அப்போதுதான் படுத்துவிட்டிருந்தது. இந்தப் பெட்டியிலும் சிடி போடலாம் என்று கண்டுபிடித்தவள் நான்.

போடலாம்தான், ஆனால் எப்படிப் போடுவது என்பதற்குத் திரையில் ஒரு கடலே இருந்தது. இரண்டு சேனலா, சரவுண்டா? நாற்பத்து நாலு புள்ளி ஒன்று கிலோஹெர்ட்ஸா, நாற்பத்தெட்டா, இல்லை அதற்கு மேலா? பெயரே இல்லாமல் 'வகை ஒன்று', 'வகை இரண்டு' என்று வேறு சில. பிரவுசிங் சென்டருக்கு ஓடி, யாரோ முகம் தெரியாதவர்கள் போட்டுக்கொண்ட சண்டைகளையெல்லாம் படித்து, சிடிக்கு இன்னதுதான் சரி என்று முடிவெடுத்து வீட்டுக்கு வந்து மாற்றுவேன். மறுநாள் இன்னொரு சண்டையைப் படித்துவிட்டு வந்து அதையும் மாற்றுவேன். நாங்கள் செருகியிருந்த சிவப்பு வெள்ளை ஒயரில் அந்தக் கணக்குகளில் பாதிக்கும் மேல் வேலையே செய்யாது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அத்தனை வெயிலில் அத்தனை சைக்கிள் மிதித்ததை இன்று நினைத்தாலும் கால் வலிக்கிறது.

"பொட்டி வாங்குனா போதுமா, அதுக்கு டூட்டி பாக்கறதே ஒரு பேஜாரு" என்பார் அத்தா. மார்க்கெட் பக்கம் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தவர். வீட்டில் எந்த ஸ்விட்சும் ஒழுங்காக வேலை செய்ததில்லை.

படித்ததிலேயே என்னை உலுக்கிய சங்கதி ஒன்று உண்டு. ஸ்டீரியோ என்றால் இரண்டு ஸ்பீக்கரும் நாமும் ஒரு முக்கோணமாக இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் இடது ஸ்பீக்கர் ஹாலில் இருந்தது. வலது ஸ்பீக்கர் அடுப்படியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மாவுக்கும் பாட்டு வேண்டுமே என்று அத்தாதான் அடுப்படி வாசலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பியோடு ஒயரைக் கட்டி இழுத்துவிட்டிருந்தார். 'ரெண்டு ரூமுக்கும் பாட்டு' என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். தாளிக்கும் நெடி ஹாலுக்கு வரக் கூடாதென்று அம்மா கதவைச் சாத்திக்கொள்வாள். குக்கர் விசிலுக்கும் மிக்சி சத்தத்துக்கும் நடுவே ஸ்பீக்கர் பாட்டும் அவளுடைய முணுமுணுப்பும் கதவுக்கு இந்தப் பக்கம் மங்கலாகக் கேட்கும். எதையோ நினைத்துப் புலம்புகிறாள் என்றுதான் நானும் அண்ணனும் நினைத்திருந்தோம்.

நான் அந்த ஸ்பீக்கரைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஹாலில் இடதுக்கு ஜோடியாக வைத்தேன். சோபாவின் நடுவில் உட்கார்ந்த அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "ஏய், நடுவுல ஒருத்தன் உக்காந்து தபலா வாசிக்கிறான்!" என்றான். அத்தா, "இப்பத்தான்மா பாட்டு பாட்டா கீது" என்றார். எனக்கு ஏதோ பரீட்சையில் முதலாவது வந்ததைப் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்த பிறகு அம்மாவையும் அந்த நடு இடத்தில் உட்கார வைத்தோம். அவளுக்குப் பிடித்த பழைய ஜோடிப் பாட்டு. ஆண் குரலை இடது பக்கமும் பெண் குரலை வலது பக்கமும் அடியோடு பிரித்து வைத்துவிட்ட பதிவு. பெண் பாடி நிறுத்தினாள், ஆண் எடுத்தான். அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"யாருடி இந்தாளு?"

"பாடுறவர்மா. எப்பவும் பாடுவாரே."

"எங்கிட்ட பாடினதே இல்லையே."

அண்ணன் சோபாவிலிருந்து வழிந்து விழும் அளவுக்குச் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. அத்தனை வருடமும் அடுப்படியின் வலது ஸ்பீக்கரில் அவள் கேட்டது ஒரு பெண் பாடிவிட்டு நிறுத்தி, சும்மா காத்திருந்து, மறுபடி பாடும் பாட்டு. அந்தக் காத்திருப்பு யாருக்கென்று அவள் யோசித்திருக்க மாட்டாள். தனக்கென்றே எடுத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் புலம்பல் என்று நினைத்ததெல்லாம் அதே மெட்டில் அவள் பாடிய பதில்கள். அண்ணன் கெஞ்சிக் கேட்டதில் ஒன்றை வெட்கத்தோடு பாடிக் காட்டினாள்: 'தண்ணி லாரி வரவுமில்ல, கேஸு புக்கு பண்ணவுமில்ல, கடைய மூடிட்டு வாராத மனுசனுக்கு கறி எதுக்கு?'

அத்தா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அடுப்படி அமைதியாகிவிட்டது. கதவு மட்டும் வழக்கம்போலச் சாத்தியிருக்கும்; உள்ளே கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா வெளியே வந்து, "என் ஸ்பீக்கரு எங்க இருந்துச்சோ அங்கயே வெச்சுடுங்க" என்றாள். அண்ணன் முடியவே முடியாது என்றான். ஜோடியைப் பிரித்தால் ஸ்டீரியோ செத்துவிடும் என்று நான் கற்றுக்கொடுத்ததையே எனக்கு ஒப்பித்தான். அத்தாவும் அவன் கட்சி.

எனக்கு அப்போது மூளை பரபரவென்று ஓடும் வயது. கேம் பொட்டிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே இருந்த ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் 'மோனோ' என்று யாருமே தொடாத ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் இரண்டு பக்கமும் கலந்துவிடும். ஸ்பீக்கர் எந்த அறையில் இருந்தாலும் முழுப் பாட்டும் கேட்கும். யாருக்கும் நஷ்டமில்லை! வலது ஸ்பீக்கரை அடுப்படியில் பழைய இடத்தில் வைத்து, பொத்தானை அமுக்கி, பாட்டைப் போட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்க ஓடினேன்.

பெண் பாடினாள். அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த ஆள் ஆரம்பித்துவிட்டான். அம்மா கையில் கரண்டியோடு அவன் முடிக்கும்வரை நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவரே பாடிட்டா நான் எப்படி பாடறது?"

போய்ப் பொத்தானை விடுவித்தேன். ஹாலில் பெண் குரல் காணாமல் போனது.

"இன்னாது, எனக்கு மட்டும் பாதிப் பாட்டா?" என்று அத்தா கத்தினார்.

"இத்தன வருஷம் அதுலதான குப்ப கொட்டினீங்க, இப்ப மட்டும் இன்னா?" என்று கதவுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது, மெட்டோடு. திரையில் நான் மாற்றி மாற்றி வைத்த அமைப்புகளையெல்லாம் அண்ணன் வெறுப்போடு பழையபடி ஆக்கினான்.

சில வருடங்கள் அப்படியே ஓடின. கன்சோலின் கண் மங்கி எந்த சிடியையும் படிக்க மறுத்தது. எண்ணெயும் ஆவியும் குடித்து அடுப்படி ஸ்பீக்கரின் காகிதம் நைந்து கிழிந்தது. தெருவோடு சேர்த்து அந்த வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். அத்தா கடையை மூடினார். அம்மாவும் அவரும் இப்போது அண்ணனோடு கோவிலம்பாக்கத்தில் இருக்கிறார்கள்.

நான் நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதிய செயலிகளின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். மாலையில் பஸ் ஏறும்போது எதையும் இனித் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றிருக்கிறது. தேர்ந்தெடுக்கவும் எதுவும் மிச்சமில்லை. அண்ணன் வீட்டு சமையலறைக் கூரையில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர்கள் பதித்திருக்கிறார்கள். அறையின் அளவை அதுவே கேட்டுப் புரிந்துகொண்டு எல்லாவற்றையும் அதுவே சரிசெய்துகொள்கிறது. குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. எல்லாப் பாட்டும் முழுசாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையலறைக்குக் கதவே இல்லை. வாய் அசைகிறதா என்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் நீ பாடறதே இல்லையாம்மா?" என்றேன்.

"அதான் அவங்களே பாடறாங்களேடி" என்றாள்.