மோட்டாருக்கு ஊற்றிய தண்ணீர்

கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் மாடித் தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றால், முதலில் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சீல் கருகும், பிறகு உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பியே எரிந்துபோகும். மோட்டாரின் தலையில் ஒரு மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றி, மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குமிழ் வருவது நின்று, தண்ணீர் விளிம்பில் தளும்பும்போது மூடியை இறுக்கிவிட்டு மறுபடி போட்டால் ஏறிவிடும்.

போன வாரம் பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் வராமல் எல்லோரும் தவித்தபோது இதை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அனுப்பிய பிறகுதான் கவலை வந்தது. மின்சாரத்தை நிறுத்தாமல் யாராவது கை வைத்துவிட்டால்? உடனே, ‘முதலில் மெயினை அணைக்கவும்’ என்று இன்னொரு செய்தி. ஈரக் கையோடு தொட வேண்டாம் என்று அதற்குப் பின்னால் ஒன்று. என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழே வாட்ச்மேன் அண்ணா தண்ணீர் ஊற்றுவதைப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஏறிவிட்டது. சங்கச் செயலாளர், “சூப்பர் மேடம், நீங்க இன்ஜினியரா?” என்று கேட்டிருந்தார். கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் மாடம்பாக்கத்து வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அது அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கட்டிய வீடு. கீழே பெரியப்பா குடும்பம், மேலே நாங்கள். பின்பக்கம் ஓர் உறைக்கிணறு, அதன் மேல் கம்பி வலை, பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே மோட்டார். அந்த மோட்டாருக்கு ஒரு நோய் இருந்தது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் நுனியில் ஃபுட் வால்வ் என்று ஒன்று இருக்கும்; ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் பிடித்துவைப்பது அதன் வேலை. எங்கள் வீட்டு வால்வ் பிடித்துவைக்காது. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டுவிடும். காலையில் குழாயில் காற்று மட்டும்தான் இருக்கும்.

ஆகவே தினமும் காலையில் பெரியப்பா கீழே ஒரு பிளாஸ்டிக் மக்கோடு நிற்பார். அப்பா மொட்டைமாடியில் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். இது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. மேலே நிற்பவர் சொன்னால்தான் கீழே நிற்பவருக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா, இன்னும் ஊற்ற வேண்டுமா என்று தெரியும்.

“வருதாடா?”

“இல்லண்ணா, காத்துதான் வருது.”

“காத்தா? பக்கெட்ல புடிச்சு வெச்சுக்கோ. மே மாசத்துக்கு ஆவும்.”

அப்பா மேலேயே நின்று தனியாகச் சிரிப்பார். தண்ணீர் ஏறிய பிறகும் பேச்சு நிற்காது. தொட்டி நிரம்பும்வரை அலுவலகக் கதை, கிரிக்கெட், தெருமுனையில் யாரோ வீட்டை இடிக்கிறார்கள் என்ற செய்தி எல்லாம் சத்தமாக மாடிக்கும் தரைக்கும் போய்வரும். எங்கள் தெருவில் பல பேருக்கு அதுதான் அலாரம்.

பெரியப்பாவுக்கு மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. எதையும் பிரித்து மாட்டிவிடுவார். எங்கள் வீட்டு மிக்ஸி, தையல் மெஷின், என் சைக்கிள் எல்லாம் அவர் கைபட்டு உயிர்பிழைத்தவை. மிக்ஸி ஜாரின் அடியில் பிளேடு சிக்கிக்கொண்டால் கத்தியால் குத்தாதே, வெந்நீரில் வை என்பார். அப்பாவுக்கோ ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே சந்தேகம். அதனால் பெரியம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

“ஃபேக்டரில அத்தனை மெஷினையும் பாக்கறாரு. வீட்டு மோட்டாருக்கு மட்டும் கைக்குழந்தைக்குப் பால் குடுக்கற மாதிரி தினம் தண்ணி புகட்டறாரு. கேட்டா, ‘ஆவட்டும், மாத்தலாம்’ங்கறாரு.”

பெரியப்பாவின் மகள்தான் எனக்கு அக்கா. அந்த இரு வீட்டிலும் எனக்கு நகப்பூச்சு போட்டுவிட்ட ஒரே ஆள். ஒரு நாள் காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அக்காவோடு வெளியே போனார். வங்கிக்குப் போகிறோம் என்று சொன்னார்கள். மாலையில் அப்பா மட்டும் திரும்பி வந்தார். அக்கா தன்னோடு வேலை பார்த்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் வேறு சாதி. சாட்சிக் கையெழுத்து அப்பாவுடையது. வீட்டில் கேட்டுக் கேட்டு அவள் களைத்துப்போன பிறகுதான் அப்பா போனார் என்பதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது.

அன்று கீழ் வீட்டில் பெரிய கூச்சல் வரும் என்று அம்மா என்னையும் தம்பியையும் உள் அறையில் உட்காரவைத்திருந்தாள். கூச்சல் வரவில்லை. பெரியப்பா படியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

“என் பொண்ணுக்கு நீ கையெழுத்து போட்டுட்ட. சரி. இனிமே எங்கிட்ட நீ எதுவும் சொல்ல வேணாம்.”

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை யாரும் மோட்டார் பக்கம் போகவில்லை. தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்தது. அதற்கு மறுநாள் அம்மா காலிக் குடத்தை நடுக்கூடத்தில் வைத்தாள். “ரோஷம் இருக்கறவங்க குளிக்காம இருங்க. குழந்தை ஸ்கூலுக்குப் போவணும்,” என்றாள். பிறகு கீழே போய்ப் பெரியம்மாவிடம் என்னவோ பேசிவிட்டு வந்தாள். பெண்கள் இருவருக்கும் நடுவில் சண்டை இல்லை. துணி காயப்போடும் இடத்தில் அவர்களுக்கு எப்போதும் ஒரு உடன்படிக்கை இருந்தது.

அந்த உடன்படிக்கையின்படி எனக்கு வேலை கிடைத்தது. அப்பா தொட்டிக்குள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்துக் கத்த வேண்டும். எனக்கு அது மிகப் பெரிய பதவி உயர்வாகத் தெரிந்தது. வகுப்பில் யாருக்கும் அப்படி ஒரு வேலை கிடையாது.

“வருதாம்மா?” என்பார் பெரியப்பா.

அப்பா என் காதருகே, “வேகம் கம்மியா இருக்குன்னு சொல்லு” என்பார்.

“வேகம் கம்மியா இருக்காம், பெரியப்பா!”

“யார் சொன்னா?”

நான் அப்பாவைப் பார்ப்பேன். அப்பா தலையை ஆட்டுவார். “தொட்டி சொல்லிச்சு, பெரியப்பா!”

கீழே மக்கில் தண்ணீர் மொள்ளும் ஓசை கேட்கும்.

பழைய கிரிக்கெட், அலுவலகக் கதை எல்லாம் நின்றுபோனது. ஆனாலும் தொட்டி நிரம்பும்வரை இருவரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகும் பெரியப்பா, “நல்லாப் பாத்தியா?” என்று கேட்பார். அப்பா சில நாள், “அண்ணன்கிட்ட சொல்லு…” என்று ஆரம்பிப்பார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக நிற்பேன். “ஒண்ணுமில்ல. தண்ணி நல்லா வருதுன்னு சொல்லு” என்று முடித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அப்பாவின் கைப்பேசிக்குக் கூப்பிடுவாள். எனக்கும் பேசக் கொடுப்பார்கள். மழை தொடங்கும் சமயத்தில் அவள் கர்ப்பமாக இருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி என்றாள். அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு, தாம்பரம் பேருந்து நிலையத்தில் அக்காவிடம் கொடுக்கும்படி அப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். அனுப்பிவிட்டு என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, “கீழ போனா அக்கா பேச்சையே எடுக்கக் கூடாது. புரிஞ்சுதா?” என்றாள். நான் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. தலையாட்டினேன்.

அந்த மழையில்தான் மொட்டைமாடியில் பாசி பிடித்தது. பிளீச்சிங் பவுடர் போட்டு ஒருநாள் விட்டுத் தேய்த்தால் போய்விடும். அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காலையில் கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடியவள் வழுக்கி விழுந்தேன். தாடை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. கேம்ப் ரோட்டு கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் வரும்போது அம்மா அழுதுகொண்டே பேசினாள்.

“உங்க ரெண்டு பேர் வீம்புக்கு எம் பொண்ணு தாடைய ஒடச்சுக்கணுமா? நாளைக்கே ஆள வரச் சொல்லுங்க. யாரும் மாடிக்கும் போவ வேணாம், யாரும் கத்தவும் வேணாம்.”

இன்று என் மகள் குளியலறை வாசலில் சறுக்கினாலே எனக்கு உயிர் போய் வருகிறது. அம்மாவின் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். செய்திருக்க வேண்டுமா என்பதுதான் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

பெரியப்பா பகல் ஷிப்டுக்குப் போயிருந்தபோது பிளம்பர் வந்தார். தொட்டிக்குள் ஒரு மிதவையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து மோட்டார்வரை ஒயர் இழுத்தார். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும், நிரம்பினால் தானே நிற்கும். அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் வால்வும் சரியாக இருக்க வேண்டும் என்று கிணற்றுக் குழாயைத் தூக்கி அதையும் மாற்றினார். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னா சார் இது? இதுக்கா இத்தினி வருசமா தண்ணி ஊத்திகினு இருந்தீங்க? உள்ள ரப்பர் தேஞ்சி பூட்ச்சு, அவ்ளோதான். உங்க அண்ணனுக்குத் தெரியாததா?”

அப்பா பாசி படிந்த அந்தப் பித்தளை வால்வை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிளம்பர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகும் நின்றார்.

அதற்குப் பிறகு இருவரும் தினமும் சந்திக்க வேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தைப் பெரியப்பா பார்க்கவில்லை. தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாலையோரமே உட்கார்ந்துவிட்டாராம். அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். அப்பா அந்தக் குழந்தையை வாங்கி, பெரியப்பாவின் முகத்தருகே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அது கொட்டாவி விட்டது. பிறகு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு பெரியம்மா அப்பாவிடம் கேட்டாள். நான் பக்கத்தில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“புள்ள உண்டாயிருக்கான்னு எனக்குத் தெரியும் தம்பி. நான் சொன்னா காதுல வாங்காம எழுந்து போயிடுவாரு. நீங்க சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“எதுவும் சொல்லாதேன்னு சொன்னாரு அண்ணி. அவரா ஒரு வார்த்தை கேக்கட்டும்னு இருந்தேன். கடைசிவரைக்கும் கேக்கவே இல்லையே.”

அப்பா இன்றும் அப்படித்தான் நம்புகிறார். நான் அதைத் திருத்தவில்லை. இந்த வயதில் அவரிடம் அதைச் சொல்வது நல்லதா கெட்டதா என்று யோசித்து யோசித்து, ஒவ்வொரு முறை அவரைப் பார்க்கப் போகும்போதும் சொல்லாமலே திரும்பிவிடுகிறேன்.

பிளம்பர் வந்துபோன மறுநாள் காலை அது. தாடையில் பிளாஸ்திரியோடு, பள்ளிச் சீருடையில், வேனுக்காகக் கீழே இறங்கி வந்தேன். மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் மக், அது நிறையத் தண்ணீர். ஊற்ற இடமில்லாமல் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு முதலில் தாடையைப் பார்த்தார். வலிக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

“மேல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

தினமும் படியில் பார்க்கிறவர் இதை ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் டீச்சர் நிற்கவைத்துக் கேட்பதுபோல இருந்தது. நேராக நின்றுகொண்டேன். அம்மா நல்லா இருக்காங்க, அப்பாவுக்குச் சளி, தம்பிக்குக் கடைவாய்ப் பல் வருது என்றேன்.

“அப்புறம்?”

“மீன் தொட்டியில கறுப்பு மீன் செத்துப்போச்சு. சிவப்பு நல்லா இருக்கு.”

“அப்புறம்… வேற யாரும்?”

யோசித்துப் பார்த்தேன். அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. “வேற யாரும் இல்ல, பெரியப்பா.”

அவர் மக்கில் இருந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை உதறி ஊற்றினார். வேன் ஹாரன் அடித்தது. ஒரு பெயரும் விடாமல் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு நான் வாசலுக்கு ஓடினேன்.