கண்டக்டரம்மாவுக்கு ஓர் அறை

கண்டக்டரம்மாவின் குரல் என்ன சாமானியக் குரலா! பின்படியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் தன் டிரைவர் மட்டுமல்ல, எதிரே வரும் பஸ்ஸின் டிரைவரும் பிரேக் போடுவார். வேலையில் இருந்தவரை அந்தத் தொண்டைதான் சோறு போட்டது. ஓய்வு பெற்றதும் அதுவே வினையாகிவிட்டது. "நீங்க போன் பேசினா தெருவுக்கே கேக்குதும்மா" என்று கடைசியாக இருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சின்னப் பென்ஷனுக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்? தங்கை வீட்டுச் சமையலறையில் பாய் போட வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்தப் பெரியவர்கள் வீட்டைப் பற்றித் தெரியவந்தது. பூட்டிக் கிடந்த விடுதி ஒன்றை, வயதானவர்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து எடுத்து, தாங்களே நடத்துகிறார்கள். சமைப்பது, பெருக்குவது, குழாய் மாற்றுவது எல்லாம் முறை வைத்து அவர்களேதான். வாடகை அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி. ஓர் அறை காலியாக இருந்தது. ஆனால் புதிதாக வருபவர் அவர்களோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்புறம் எல்லாரும் கை தூக்கினால்தான் சாவி.

"அக்கா, உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன். அங்க போயி உன் கச்சேரிய ஆரம்பிச்சுடாத. உதட்டுக்குள்ளயே பேசு" என்றாள் தங்கை.

கண்டக்டரம்மாவும் அப்படியே செய்தார். சாப்பிட உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த பழைய தச்சர் ஒருவர், "எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். "பஸ்ல" என்று முணுமுணுத்தார் கண்டக்டரம்மா. தச்சர் காதருகே கையைக் குவித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குச் சமையல் முறை அங்கே இருந்த ஒரு பழைய நர்ஸம்மாவுடையது. "சாப்பாடு எப்படி?" என்றார் அவர். "நல்லாருக்கு" என்றது காற்றுப்போல ஒரு குரல். நர்ஸம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பிறந்ததிலிருந்து இவ்வளவு அடக்கமாக இருந்ததே இல்லையே, இவர்களுக்கு இன்னும் என்னதான் வேண்டும்?

சங்கத் தலைவர் பழைய தபால்காரர். அவர் எழுந்து, "சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கைகூட எழவில்லை. நர்ஸம்மா தச்சரிடம் ரகசியமாக, "கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குது. என்ன தலைக்கனம் பாருங்க!" என்றார். பாவம், அங்கே பாதிப் பேருக்குக் காது மந்தம். காது மெஷின் வாங்க யாரிடம் வசதி இருக்கிறது? அவர்களுடைய ரகசியம் கூடம் முழுக்கக் கேட்டது.

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. அறை போனால் போகட்டும், இந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு எப்படிப் போவது? எழுந்து நின்றார்.

"யாருக்குத் தலைக்கனம்? சத்தமாப் பேசினா துரத்திடுவீங்கன்னு வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்! நான் பஸ் கண்டக்டர்! சாப்பாடு நல்லாருந்துச்சு, உப்புத்தான் தூக்கல்! எனக்கு இருக்க ஒரு வீடு வேணும், அவ்வளவுதான்!"

மேசையில் டம்ளர்கள் அதிர்ந்தன. தச்சர் காதிலிருந்து கையை எடுத்தார்.

"அடடா! ஒரு வார்த்த விடாமக் கேட்டுச்சே!"

"எனக்கும்தான்" என்றார் தபால்காரர். "நம்ம கூட்டத்துல நீங்கள்லாம் என்ன பேசுறீங்கன்னே எனக்குத் தெரியாது. தலைவராச்சேன்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே இவங்க எடுத்துச் சொல்லட்டும்!"

கைகள் மளமளவென்று எழுந்தன. நர்ஸம்மா இரண்டு கையையும் தூக்கினார். "உப்பும் கேட்டுச்சு" என்று சிரித்தார்.

கண்டக்டரம்மா சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார். இனி யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்ற சந்தோஷத்தில் கண்ணீர் முட்டியது. "ரொம்ப நன்றிங்க" என்றார், குரலே எழும்பாமல்.

"என்னது? கேக்கல!" என்றது கூடம் மொத்தமும்.