டிலிஸ் நட்ட டாஃபடில்

எல்வின் பிராஸரின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டை, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் படையெடுத்து வந்த நார்மன்காரர்கள் கோட்டை கட்டுவதற்காகக் குவித்தார்கள். கோட்டை போய்விட்டது, மண் மட்டும் மிச்சம். நிலம் எல்வினுடையதுதான். ஆனால் பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம் என்பதால் அங்கே அவர் மண்வெட்டி வைக்கக் கூடாது. அதில் வளை தோண்டிக் குடியிருக்கும் பேட்ஜர் என்ற காட்டுப் பிராணிகளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மேட்டுக்குச் சட்டம், பேட்ஜருக்குச் சட்டம். எல்வினைத்தான் கேட்க நாதியில்லை.

மனைவி டிலிஸ் அக்டோபரில் இறந்துபோனாள். அதன்பின் அவர் பேசியதெல்லாம் ஆடுகளோடுதான். வெறும் வீடு அவரைத் தின்றது. மார்ச்சில் ஒரு காலை சமையலறை ஜன்னலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே மேட்டுச் சரிவில் ஐம்பது அறுபது டாஃபடில் பூக்கள், மஞ்சள் மஞ்சளாக. செப்டம்பரில் அவர் சந்தைக்குப் போன நாட்களில், முடியாத உடம்போடு அந்தத் திருட்டுக் கள்ளி டிலிஸ் கிழங்கு கிழங்காக நட்டிருக்கிறாள்!

வியாழக்கிழமை தொல்லியல் ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. பிடுங்கச் சொல்லிவிடுவார்களே என்று எல்வின் பயந்தார். போதாக்குறைக்கு, மேட்டில் மேய்ந்த ஆடுகள் டாஃபடிலைத் தொடாமல் புல்லை மட்டும் ஒட்ட மேய்ந்து, பூக்களை இன்னும் எடுப்பாகக் காட்டின.

ஆய்வாளர் ஜெம்மா புதியவள், சின்ன வயது. நேராகச் சரிவுக்குத்தான் போனாள்.

"யார் நட்டது, மிஸ்டர் பிராஸர்?"

"நான்தாம்மா." செத்தவள்மேல் பழி விழக் கூடாது. "வயசாச்சு, புத்தி கெட்டுப்போச்சு."

"நீங்களா? ஒரு வேலிக்கால் நட அனுமதி கேட்டு மூணு கடுதாசி போட்டவராச்சே, ஃபைல்ல பார்த்தேன்."

எல்வின் தொப்பியைக் கசக்கினார். "எல்லாத்தையும் பிடுங்கணுமா?"

ஜெம்மா குந்தி உட்கார்ந்து ஒரு தண்டை விரலால் விலக்கிப் பார்த்தாள். "பிடுங்கணும்னா தோண்டணும். தோண்ட நான் எப்படிங்க அனுமதி தர்றது? நட்டது தப்புதான், எழுதிக்கறேன். இனிமே ஒண்ணுகூட நடக் கூடாது. இருக்கறது இருக்கட்டும்."

"வருஷா வருஷம் பூக்குமே?"

"பூத்துட்டுப் போகட்டும்."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"அதுல என் பேரைப் போடாதம்மா." அவர் கையைக் குறுக்கே நீட்டினார். "என் பொண்டாட்டி நட்டா. டிலிஸ். டிலிஸ் பிராஸர்."

அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பெயரை இன்னொரு மனுஷரிடம் அவர் சொன்னது அன்றுதான். எப்படி எழுதுவது என்று ஜெம்மா கேட்டாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் சொன்னார்.