பெயர் சொன்னால் இறங்குவார்

"கேம்ப்! கேம்ப் எறங்கு!" என்று நடத்துநர் கூவும்போது ஷஃபீனா டீச்சர் யன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் நிற்கும், கிளம்பும். அடுத்த தரிப்பில் இறங்கிக் குடையை விரித்து, வந்த வழியே வீட்டுக்கு நடப்பார். கற்பிட்டி வீதியில் ஓடும் மாலைநேரப் பஸ்ஸில் இது வழக்கமான காட்சி.

புத்தளத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிப்பவர். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்திறங்கியபோது அவருக்கு வயது ஏழு. குடும்பத்துக்குக் கிடைத்த ஓலைக் கொட்டில் எட்டாம் இலக்க அகதி முகாமில் இருந்தது. இப்போது அங்கே கல்வீடுகளும் பள்ளிவாசலும் காய்க்கும் தென்னைகளும் உள்ளன. வீதியோரத்தில் 'ஸஃபாபுரம்' என்று ஒரு பெயர்ப்பலகையும் உண்டு. அதில் ஆடுகள் முதுகு உரசுகின்றன. வேறெவரும் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

பாடசாலை ஆய்வுகூடத்தில் தொங்கும் ஆவர்த்தன அட்டவணை பழையது. அதன் கடைசிப் பெட்டியில், 118ஆம் மூலகத்துக்கு, உனுனொக்டியம் என்ற தற்காலிகப் பெயர் அச்சாகியிருந்தது. ஒன்று, ஒன்று, எட்டு என்பதைத் தவிர அச்சொல்லுக்குப் பொருள் கிடையாது. 2016இல் ஒகானெசன் என்ற பெயர் உறுதியானதும் டீச்சர் அதை வெள்ளைத் தாளில் எழுதி மேலே ஒட்டினார். ஈரக்காற்றில் தாளின் மூலை கிளம்பும். கட்டைவிரலால் அழுத்திவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். விடைத்தாளில் பழைய பெயரை எழுதியவருக்குப் புள்ளி இல்லை. "நம்பர் போட்டுக் கூப்பிட அது என்ன ஜெயில்ல இரிக்கிற மறியல்காரனா?" என்பார்.

கலிபோர்னியத்தின் மீது கல்சியக் கருக்களை மாதக்கணக்கில் மோதவிட்டு உண்டாக்கிய மூலகம் அது. உலகம் இதுவரை கண்டது விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணுக்களையே. ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் அது பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. விழுமிய வாயுக்களின் நிரலில் இடம் கொடுத்திருந்தாலும், அது வாயுவாக அன்றித் திண்மமாகவே இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். சரிபார்க்க அது அவகாசம் கொடுக்கவில்லை.

நடத்துநர் ஃபாஹிம், டீச்சரிடம் படித்து இரசாயனவியலில் சித்தியடையாதவர்.

"டீச்சர், கேம்ப் வந்திரிச்சி."

"நான் ஸஃபாபுரத்துக்கு டிக்கட் எடுத்தன், மகன்."

"ரெண்டும் ஒண்டுதானே! கண்ண மூடித் தொறக்க முந்தி மௌத்தாப் போற சாமானுக்கும் பேர் கேட்டு எங்கட மார்க்ஸ வெட்டினீங்க. அதுக்கு என்னத்துக்கு டீச்சர் பேர்?"

"ஒரு செக்கனும் இரிக்காததுக்கே உலகம் கூடிப் பேர் வெச்சிச்சி. நாங்க முப்பது வருஷத்துக்கு மேல இரிக்கிறம்."

ஃபாஹிம் மணியை அடித்தார். பஸ் கிளம்பியது.

அதே ஊரில் வசிக்கும் கருவாட்டு வியாபாரி அலீமா ராத்தா 'கேம்ப்' என்றதுமே எப்போதும் முதல் ஆளாக இறங்கிவிடுவார். "இந்த வெயில்ல வீம்புக்கு நடக்கிறீங்களே புள்ள" என்பது படியிலிருந்து அவர் தினமும் சொல்லும் வசனம்.

சென்ற வாரம் ஃபாஹிமுக்குப் புதிய யோசனை ஒன்று தோன்றியது. தரிப்பு நெருங்கியதும் வாயிலில் தொங்கியபடி கூவினார்: "ஒகானெசன்! ஒகானெசன் எல்லாம் எறங்கு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. டீச்சர் வெங்காயத் தோட்டத்தைப் பார்த்தார். ஃபாஹிம் அலீமா ராத்தாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ராத்தா எழவில்லை. மடியிலிருந்த கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ராத்தா, எறங்கல்லயா?"

"எங்கட ஊர் இன்னும் வரல்லயே, மகன்."

அடுத்த தரிப்பில் இருவரும் இறங்கினார்கள். டீச்சர் அன்று குடையை விரிக்கவில்லை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கருவாட்டுக் கூடையின் மற்றக் கைப்பிடியைப் பிடித்தார்.