விலைச்சீட்டுக் கழற்றாத கூடாரம்

எங்கள் கூடாரம் நோர்வேயின் வடகோடி வரை போய் வந்தது. அதற்குள் நாங்கள் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதை வாங்கியவள் மகள். நாங்கள் இருக்கும் ஆக்லாந்தில், கிளென் ஈடன் பக்கம் ஒரு பேக்கரியில் சனி ஞாயிறு காலைகளில் நின்று உழைத்த சம்பளத்தில், எங்கள் வீடிருக்கும் ஹென்டர்சனில் ஒரு கடையில் அரைநாள் பார்த்துப் பார்த்து வாங்கினாள். மூன்று பேர் படுக்கக்கூடியது. அடுத்த பெப்ரவரியில் அவள் படிப்புக்காகத் தூரத் தெற்கே டனீடனுக்குப் போகிறாள். அதற்கு முன், ஜூலை விடுமுறையில் வட நோர்வேக்குப் போய் வரலாம் என்று நாங்கள் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சூரியன் மறையாத இடத்தில், மூன்று பேரும் ஒரே கூடாரத்தில், ஒரு இரவு. இனி நாங்கள் மூவரும் சேர்ந்து எப்போது இப்படிப் போகப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றென்ன, அங்கே நிற்கும் எட்டு இரவும் கூடாரத்தில்தான் என்று வாக்குக் கொடுத்தேன்.

கணக்கில் எடுக்காமல் விட்டது பெரியப்பாவை. மகளின் பெரியப்பா, அதாவது என் கணவரின் அண்ணர், முப்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வட நோர்வேக்குப் போய் மீன் ஆலையில் வேலை செய்தவர். அவரைப் போல எத்தனையோ பேர் போனார்கள். அவர் பிறகு ஒஸ்லோவுக்கு மாறிவிட்டார், மற்றவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால் வடக்கே எந்தத் துறைமுகத்தைச் சொன்னாலும் அவருக்கு அங்கே ஒரு சிநேகிதர் இருந்தார். முழங்கால் நோவென்று அவர் எங்களோடு வரவில்லை. தொலைபேசியில் வந்தார்.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அழைப்பு வரும். எங்கே நிற்கிறீர்கள் என்பார். கணவர் ஊரின் பெயரைச் சொல்வார். அரைமணி நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து, வீட்டுக்கு வாருங்கள், சமைத்தாகிவிட்டது என்பார். முதல்நாள் ட்ரொம்சோவில் விமானக் களைப்பென்று நானும் சரி சொன்னேன். இரண்டாம் நாள் அல்ட்டாவில் போனால் போகிறது என்று விட்டேன். மூன்றாம் நாள் காருக்குள்ளேயே வெடித்தேன்.

"இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாயில்லையோ?"

"அண்ணை சொல்லிப்போட்டார். நான் என்னெண்டு மறுக்கிறது?" என்றார் கணவர், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

மகள் பின்சீட்டில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கூடாரப் பை, நாலாவது ஆளாக.

அந்த வீட்டுக்காரர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அப்படி உபசரித்தார்கள். தங்கள் கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டு சோபாவில் படுத்தார்கள். மீன்குழம்பு ஊரில்கூட அந்த ருசி கிடையாது, நான் இரண்டாம் தரம் கேட்டுப் போட்டுச் சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் படுக்கை நிலவறையில், இல்லாவிட்டால் கறுத்த திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில். வெளியே இரவு முழுக்க வெயில். அதைப் பார்க்கப் பூமியின் மறுபக்கத்திலிருந்து வந்தவர்கள் இருட்டுக்குள் குறட்டை விட்டோம்.

ஐந்தாம் நாள் எல்லை தாண்டி பின்லாந்துக்குள் நுழைந்தபோது இங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். மகள் சிரித்தாள். அன்றைக்கென்று மழை கொட்டியது. கணவர் பயணிகள் கூடாரமடிக்கும் முகாமொன்றில் மரக்குடில் எடுத்துவிட்டார். அடுத்த இரண்டு இரவும் மழைதான், குடில்தான்.

எட்டாம் நாள், கடைசி இரவு. திரும்ப நோர்வேக்குள் வந்து கடலோரமாக ஒரு முகாமில் நின்றோம். காற்றில்லை, மழையில்லை. தண்ணீருக்கு மேலே சூரியன் தன் பாட்டில் நின்றது. மகள் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்லில் இடம் பார்த்தாள், கல் இருக்கிறதா என்று காலால் தடவினாள். இங்கே, என்று கைகாட்டினாள். அப்போது தொலைபேசி அடித்தது.

கணவர் அதை என்னிடம் நீட்டினார். "இண்டைக்கு நீர் கதையும். நீரெண்டா இல்லையெண்டு சொல்லுவீர்."

இத்தனை நாளும் நான் பாடம் எடுத்ததற்கு அது பதில். வாங்கிக் காதில் வைத்தேன். வயதான பெண்ணின் குரல்.

"தங்கச்சி, சோறு வடிச்சாச்சு. நண்டும் துப்பரவாக்கி வைச்சிட்டன். எங்கட வீடு இருக்கேக்க நீங்கள் ஏன் வெளியில படுப்பான்?"

மகள் புல்லில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். பிள்ளைக்கு ஆசை, நாளைக் காலை கட்டாயம் வருகிறோம். அவ்வளவுதான். ஆனால் நானும் அந்த இனம்தானே. கனடாவிலிருந்து வந்த குடும்பம் மோட்டலில் எடுத்த அறையை ரத்துச் செய்யவைத்து ஹென்டர்சனில் எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தவள் நான். வடித்த சோற்றை ஒருத்தி மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"ஓம் அக்கா, வாறம்."

மகள் பையைத் தூக்கிக் காருக்குள் வைத்தாள். கணவர் என்னைக் குத்திக்காட்டாமல் காரை எடுத்தார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அன்றைய நண்டு எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை.

ஆக்லாந்து விமான நிலையத்தில் முகாம் சாமான் கொண்டு வந்தால் சொல்ல வேண்டும். வெளியூர் மண்ணோ விதையோ உள்ளே வரக்கூடாதென்று பரிசோதிப்பார்கள். இரும்பு மேசையில் ஓர் அதிகாரி பையைத் திறந்து கூடாரத்தை மடிப்பு மடிப்பாக விரித்தார். அதை முழுதாக விரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான். நல்ல பச்சை நிறம். ஓரத்தில் ஹென்டர்சன் கடையின் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது.

அவர் சிரித்துக்கொண்டு, இதைப் பாவித்தீர்களா என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"நோ," என்றாள் மகள். கோபமில்லை, முறைப்பில்லை. எட்டு நாளாக எங்கள் இருவர் வாயிலும் வராத சொல் அவளுக்கு அவ்வளவு இலேசாக வந்தது.

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கார் நிற்கும் இடம் தூரம். கூடாரத்தை நான் தூக்கட்டோ என்று கேட்டுக் கையை நீட்டினேன். அதற்கும் நோ என்றாள்.